‘தானாப் பேசுவான்’ என்று எத்தனை நாள் காத்திருப்பது? – குழந்தை வளர்ச்சி: வாசகர் கேள்வி பதில்

பிள்ளையின் பேச்சு, நடை, படிப்பு பற்றி வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: யாரிடம் காட்டுவது, என்ன சோதனை செய்வார்கள், அவர்கள் தரும் காகிதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? குழந்தை வளர்ச்சி மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் மூவரும் சேர்ந்து இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ‘அம்மா’, ‘மம்மு’ தவிர வேறு வார்த்தை இல்லை. டி.வி.யில் விளம்பரப் பாட்டு வந்தால் ஓடி வருகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ‘அவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்’ என்கிறார் மாமியார். தினமும் நாக்கில் வசம்பு உரசித் தடவுகிறார். காத்திருக்கலாமா? காட்டுவதென்றால் யாரிடம்?
– வாசகி, அரூர்

காத்திருக்க வேண்டாம். அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகத் தொடங்கிப் பிறகு சரளமாகப் பேசும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வார்த்தை வராவிட்டாலும் நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவார்கள், டாட்டா காட்டுவார்கள், பொம்மைக்குச் சோறு ஊட்டுவார்கள். உங்கள் மகன் பெயருக்கே திரும்புவதில்லை என்கிறீர்கள். அப்பாவின் கதையை வைத்து இதைத் தள்ளிப்போட முடியாது.

ஒரு வயதில் மழலை ஒலியோ கைச் சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்வதில்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சோ பழகிய சிரிப்போ திரும்பக் காணாமல் போகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலே காட்டிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது இருந்தால் அந்த வாரமே.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சோறு ஊட்டும்போது ‘அதோ பார், காக்கா’ என்று விரல் நீட்டுங்கள். அவன் காக்கையைப் பார்க்கிறானா, உங்கள் விரலைப் பார்க்கிறானா, இரண்டையும் பார்க்காமல் தட்டையே பார்க்கிறானா? காக்கையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் நல்ல அறிகுறி. பிஸ்கட் வேண்டுமென்றால் டப்பாவைக் காட்டுகிறானா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைக்கிறானா என்பதையும் பாருங்கள். டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவை.

அடுத்தது காது. விளம்பரத்துக்கு ஓடி வருகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. தாளமும் கனத்த ஒலியும் கேட்டு, ‘ஸ’, ‘ஷ’, ‘த’ போன்ற மெல்லிய உயர் ஒலிகள் கேட்காமல் போகும் குறைபாடு உண்டு. அந்தப் பிள்ளை கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடும், ஆனால் பேச்சு அதற்குத் தெளிவில்லாத இரைச்சலாகத்தான் கேட்கும். எனவே பேச்சுத் தாமதம் என்று வருகிற எந்தப் பிள்ளைக்கும் காது பரிசோதனைதான் முதலில். அதைச் செய்யாமல் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) என்று எழுதிக் கொடுத்தால் அந்த மதிப்பீடு முழுமையானதல்ல.

போக வேண்டிய இடம்: ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடமோ சொல்லி, உங்கள் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (சுருக்கமாக டி.இ.ஐ.சி.) கடிதம் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வரும் மையங்கள் இவை. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும், கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழுவும் இங்கேதான் அனுப்பும். குழு வரும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எங்கே என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

அங்கே ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விப் பட்டியல் கேட்கலாம். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது, தமிழிலும் உண்டு. மதிப்பெண் 2 வரை என்றால் கவலை குறைவு. 3 முதல் 7 என்றால் அதே கேள்விகளை விரிவாகத் திரும்பக் கேட்பார்கள். 8-ம் அதற்கு மேலும் என்றால் நேராக முழு மதிப்பீடு. இது சல்லடை மட்டும்தான். இதில் மதிப்பெண் கூடியதாலேயே ஆட்டிசம் என்று ஆகிவிடாது, குறைந்ததாலேயே கவலை தீர்ந்துவிடாது.

பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வசம்பு பேச்சைக் கொண்டுவராது. வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரலாம். தினமும் தடவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்று யாராவது சொல்வார்கள். ஓரிரு எழுத்தின் உச்சரிப்பு வேண்டுமானால் அதனால் பிசகலாம், வார்த்தையே வராமல் இருப்பதற்கு அது காரணமாகாது. போனையும் டி.வி.யையும் நிறுத்துவது நல்லதுதான். ‘மூன்று மாதம் போனை நிறுத்திப் பார்ப்போம், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போவோம்’ என்பதுதான் தவறு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

காது சோதனைக்கு ‘பெரா’ எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு முறை போயும் குழந்தை தூங்காததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் வீணாகாமல் என்ன செய்வது?
– வாசகர், ராமநாதபுரம்

பெரா சோதனையில் தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுவில்லைகள் வைத்து, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்து, மூளைத் தண்டு வரை அந்த ஒலி போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை அசைந்தால் தசையின் மின்னோட்டம் அலையைக் கெடுத்துவிடும். அதனால்தான் தூக்கம் கட்டாயம்.

பெரும்பாலும் காரியம் கெடுவது பஸ்ஸில். இரவு சரியாகத் தூங்காத குழந்தை ராமநாதபுரத்திலிருந்து மதுரை வரை மடியில் நன்றாகத் தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் புத்துணர்ச்சியோடு ஓடும். முந்தின இரவு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாகப் படுக்க வையுங்கள், காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள், வழியில் தூங்கவே விடாதீர்கள். இரண்டு பெரியவர்கள் போவது இதற்காகத்தான். ஒருவர் அசந்தாலும் மற்றவர் வேடிக்கை காட்டிக்கொண்டே வரலாம்.

முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டுங்கள். அதற்குப் பிறகு எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்த் தலையில் ஒட்டுவில்லை நிற்காது, துடைத்துத் தேய்க்கும்போதே குழந்தை விழித்துக்கொள்ளும். தூக்க மருந்து கொடுக்காமல் செய்வதென்றால், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வயிறு நிறைய ஊட்டித் தூங்க வைக்கலாம். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டு அப்படியே நடங்கள். வீட்டிலிருந்து நீங்களாக எந்த சிரப்பும் கொடுக்க வேண்டாம். சளி, காய்ச்சல், இழுப்பு இருந்தால் தேதியை மாற்றுங்கள். தூக்க மருந்து அப்போது ஆபத்து. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவும் தவறாக வரும். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் காதுக்குள் பார்த்த பிறகு பெரா செய்வதுதான் முறை.

அறிக்கையில் ‘நார்மல்’ என்ற ஒரு சொல் போதாது. எத்தனை டெசிபல் (ஒலியின் அளவு) வரை இறங்கிப் பார்த்தார்கள், ஐந்தாம் அலை (ஒலி மூளைத் தண்டை எட்டியதைக் காட்டுவது) எந்த அளவு வரை கிடைத்தது என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 30 டெசிபல் வரை அலை கிடைத்தால் நிம்மதி. 70-ல் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதியிருந்தால் நரம்புப் பாதை சரி என்றுதான் பொருள், மெல்லிய பேச்சு கேட்கும் என்று பொருளல்ல. குறைபாடு உறுதியானால் தாமதிக்காதீர்கள். காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) தேவைப்படும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் அது கிடைக்கிறது, ஆனால் ஆறு வயதுக்குள். மூளை பேச்சைப் பழகும் காலம் அதைவிடவும் சீக்கிரம் நகர்ந்துவிடும்.

டாக்டர் அறையில் மகள் அமைதியாக உட்கார்ந்துவிட்டாள். ‘நல்லாத்தானே இருக்கா’ என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வீட்டில் அவள் இருப்பது வேறு. எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, காரைக்குடி

வாயால் சொல்வதை விட்டுவிட்டுக் காட்டுங்கள். போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் ஐந்தாறு போதும்: தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது, பின்னாலிருந்து ஒருவர் சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அடம் பிடிப்பது. ‘சாக்லேட் தரேன், இங்க பாரு’ என்று கூப்பிட்டால் அது பெயருக்குத் திரும்புகிற சோதனை ஆகாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதட்டாமல் எடுங்கள். கைகளை உதறுவது, ஒரே இடத்தில் சுற்றுவது, விரல்களைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்ப்பது போன்றவை மருத்துவமனையில் நடக்காமல் போகலாம், வீடியோவில் இருக்கும்.

ஒரு பக்கம் எழுதியும் கொண்டுபோங்கள். தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை எந்தெந்த மாதத்தில், பிறந்தபோது எடை, எத்தனையாவது வாரம், உடனே அழுதாளா, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, சொந்தத்தில் திருமணமா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படியா. தேதிகளுக்குத் தாய் சேய் நல அட்டையைப் பாருங்கள், மறந்திருந்தால் முதல் பிறந்தநாள் படத்தைப் பாருங்கள்: நிற்கிறாளா, இடுப்பில் இருக்கிறாளா என்று அதிலேயே தெரிந்துவிடும். இப்போது சொல்லும் வார்த்தைகளைப் பட்டியலிடுங்கள். ‘கொஞ்சம் பேசுவாள்’ என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘11 வார்த்தை, அதில் 4 பிஸ்கட் பெயர்’ என்றால் தெரியும்.

அதற்கும் அவர் மசியாவிட்டால் வேறு மருத்துவரிடம் போகலாம். அதில் தப்பொன்றும் இல்லை.

நான்கு வயது மகனுக்கு மதிப்பீடு முடிந்தது. அறிக்கையில் டி.கியூ. 58, எஸ்.கியூ. 71, ‘இசா’ 94, எஃப் 84.0 என்று இருக்கிறது. ‘மைல்டுதான், பயப்படாதீங்க’ என்றார்கள். மாமா இணையத்தில் பார்த்துவிட்டு ‘58 என்றால் மூளை வளர்ச்சி இல்லை’ என்கிறார். வீட்டில் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.
– வாசகர், திருப்பூர்

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டி.கியூ. என்பது வளர்ச்சி வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. மகனுக்கு 48 மாதம். டி.கியூ. 58 என்றால் சோதனையில் அவன் காட்டிய திறன்கள் சுமார் 28 மாதக் குழந்தையுடையவை. அந்த நாளில், அந்த அறையில் காட்டியவை. இது ஐ.கியூ. அல்ல. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ‘வளர்ச்சித் தாமதம்’ என்றுதான் எழுதுவார்கள். அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு செய்வதை அதற்குப் பிந்தைய மறுசோதனைக்கு விட்டுவைப்பதுதான் முறை. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எஸ்.கியூ., அதாவது அன்றாட, சமூகத் திறனின் அளவு, பெரும்பாலும் ‘வைன்லேண்டு’ என்ற 89 கேள்விப் பட்டியலிலிருந்து வரும். தானாகச் சாப்பிடுகிறானா, சட்டை போடுகிறானா, கழிப்பறைக்குச் சொல்கிறானா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதுவது. நம் வீடுகளில் இந்த மதிப்பெண் இறங்குவதற்கு ஒரு காரணம் பிள்ளைக்கு வெளியே இருக்கும்: ஆறு வயதுவரை பாட்டி ஊட்டிவிட்டால் ‘தானாகச் சாப்பிடத் தெரியாது’ என்று பதிவாகிவிடும். செய்யத் தெரியாது, செய்ய விட்டதில்லை – இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் போன் செய்து திருத்தலாம், நல்ல உளவியலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘இசா’ ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் உருவாக்கிய அளவுகோல். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 94 ‘மைல்டு’ பெட்டியில் விழுகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுப் பயிற்சியைக் குறைத்துவிடாதீர்கள். மதிப்பெண் லேசானதாக இருந்தும் பேச்சே இல்லாத பிள்ளைக்கு உதவி நிறையவே வேண்டும். எஃப் 84.0 என்பது குழந்தைப் பருவ ஆட்டிசத்துக்கான நோய்க் குறியீட்டு எண், வேறொன்றும் இல்லை.

பேச்சு இல்லாத பிள்ளையிடம், பேச்சை நம்பியிருக்கும் சோதனை செய்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். பேச்சு தேவைப்படாத சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். உதாரணமாக செகுவின் பலகை: பத்து மர வடிவங்களை அவற்றுக்கான பள்ளத்தில் பொருத்த வேண்டும், மூன்று முறையில் சிறந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். இதில் வயதுக்கேற்ற வேகம் காட்டும் பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிக்கையில் பிள்ளை ஒத்துழைத்தானா, எந்த மொழியில் சோதித்தார்கள், எதில் பலம், அடுத்த மூன்று மாதத்தில் எதை எட்ட வேண்டும், எப்போது மறுசோதனை என்பவை இருக்க வேண்டும். வெறும் நான்கு எண்ணும் ஒரு முத்திரையும் இருந்தால் திரும்பப் போய் எழுதி வாங்குங்கள். எண்ணைக் காட்டி எந்தப் பயிற்சியாளரும் வேலையைத் தொடங்க முடியாது.

எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த தெரபி சென்டரில் ஒரு மணி நேரத்தில் ‘அசெஸ்மென்ட்’ முடித்து, ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, ஓசூர்

பணத்தைக் கட்டுவதற்கு முன் ஆளைப் பாருங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சு-கேட்பியல் நிபுணர், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மன்றத்தின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிடுங்கள். எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் அதுவே பதில். பிசியோதெரபிஸ்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் அந்த மன்றத்தின் கீழ் வருவதில்லை, அவர்களிடம் பட்டத்தைப் பாருங்கள். ‘சைல்டு சைக்காலஜி டிப்ளமோ’ ஆறு மாதம் படித்தவர் ஐ.கியூ. அறிக்கையில் கையெழுத்திட முடியாது, அந்த அறிக்கை அரசு அலுவலகத்திலும் செல்லாது.

ஒரு மணி நேரத்தில் சல்லடைச் சோதனை முடியலாம். முழு மதிப்பீடு முடியாது. பெற்றோரிடம் வரலாறு கேட்கவே அதில் பாதி போய்விடும். பயிற்சி அறைக்குள் உங்களை உட்கார விடாத இடம், ‘ஆறு மாதத்தில் நார்மல் ஆக்கிடுவோம்’ என்று சொல்கிற இடம், எழுத்தில் இலக்கு தராத இடம் – மூன்றையும் தவிருங்கள். கட்டணம் மாதாமாதம் போதும். வாரத்தில் நான்கைந்து மணி நேரம் பயிற்சியாளர் செய்வதைவிட, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு நீங்கள் குளியலிலும் சாப்பாட்டிலும் செய்வதுதான் அதிக நேரம்.

சந்தேகம் இருந்தால் அரசு சார்ந்த இடத்தில் ஒருமுறை மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் தேசிய நிறுவனம்) பக்கம். சென்னைக்குப் போகக்கூடியவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் உண்டு. தனியார் என்றால் வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பேச்சு, காது மட்டும் என்றால் மைசூரு அகில இந்தியப் பேச்சு-கேட்டல் நிறுவனம்.

மூன்றாம் வகுப்பு மகன், ஆங்கில வழி. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் அழுகிறான். ‘சோம்பேறி’ என்கிறார் மிஸ். டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாறும் கற்றல் குறைபாடு) சோதனை எங்கே, எப்போது?
– வாசகி, கும்பகோணம்

எட்டு வயது ஆகியிருந்தால் இப்போதே. கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதுக்கு முன் தருவதில்லை. ‘பி’, ‘டி’ இடவலம் மாறுவது ஏழு வயதுவரை பல பிள்ளைகளிடம் இருக்கும். ஆனால் உதவியைத் தொடங்க சான்று தேவையில்லை.

முதலில் கண் மருத்துவரிடம் பவர் பார்த்து, காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு டிஸ்லெக்சியா பட்டம் வந்துவிடக் கூடாது. அடுத்து ஐ.கியூ. சோதனை, பிறகு நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. 5–7 வயதுக்கு ஒன்று, 8–12 வயதுக்கு இன்னொன்று. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் எந்த வகுப்பு அளவில் இருக்கிறான் என்று வரும்.

கொண்டுபோக வேண்டியது அழகாக எழுதிய ஹோம்வொர்க் நோட்டை அல்ல, அது பாதி உங்கள் கையெழுத்தாகவே இருக்கும். ரஃப் நோட்டு, சொல்வதெழுதுதல், சிவப்பு மை விழுந்த தேர்வுத்தாள். தமிழ் நோட்டையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமும் என்றிருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பிழை மட்டும் எதையும் நிரூபிக்காது. மொழி பழகாததாலும் அப்படி வரும். தமிழிலும் புள்ளி விட்டுப்போகிறதா, ‘கொ’ எழுதும்போது கொம்போ காலோ காணாமல் போகிறதா, ‘பட்டம்’ ‘படம்’ ஆகிறதா, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறானா? இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி தடுமாறினால் சந்தேகம் வலுக்கிறது. ர-ற, ல-ள-ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது பெரியவர்களுக்கே உண்டு.

அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருப்பார். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நெடுங்காலமாக இதே வேலையைச் செய்கிறது. தனியார் அறிக்கையைக் கொண்டு பயிற்சி தொடங்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு வேண்டுமானால் அரசு மருத்துவச் சான்று வேண்டும், விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கோப்பைத் தயார் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு ஜனவரியில் அலைபவர்கள்தான் அதிகம், கிடைக்காமல் போகிறவர்களும் அவர்கள்தான்.

ஆட்டிசம் என்று சொன்னதும் எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., மரபணுச் சோதனை என்று எழுதிவிட்டார்கள். எல்லாம் தேவையா?
– வாசகர், தூத்துக்குடி

ஆட்டிசத்தை ஸ்கேனில் பார்க்க முடியாது. தலை வழக்கத்தைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், ஒரு பக்கக் கைகால் பலவீனமாக இருந்தால், வலிப்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. வலிப்போ, நினைவு தப்பி வெறித்துப் பார்ப்பதோ, வந்த பேச்சு திரும்பப் போனதோ இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. இவை எதுவும் இல்லையென்றால் ‘எதைத் தேடுகிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கேட்கலாம். தைராய்டு, ரத்தசோகைச் சோதனைகள் செலவு குறைவு, செய்துவிடுங்கள். சொந்தத்தில் திருமணம், முகத்தோற்றத்தில் மாற்றம், அடுத்த குழந்தைக்கான யோசனை என்றால் மரபணுச் சோதனைக்குப் பொருளுண்டு. அதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று விளம்பரம் பார்த்தோம். நகையை வைத்தாவது போடலாமா?
– வாசகி, விருதுநகர்

வேண்டாம். ஆட்டிசத்துக்கு இது சிகிச்சையாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் ‘கீலேஷன்’ இன்னும் மோசம், உயிரிழப்பு நடந்திருக்கிறது. அந்த நகை இரண்டு மூன்று வருடப் பயிற்சிக்கு உதவும்.

மகனுக்கு யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை எடுக்கச் சொல்கிறார்கள். ஊனச் சான்று வாங்கினால் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பாதகம் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
– வாசகர், பெரம்பலூர்

அட்டை வீட்டு பீரோவில்தான் இருக்கும், ஊர்ப் பலகையில் ஒட்ட மாட்டார்கள். விண்ணப்பத்தை ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போடலாம், அல்லது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். ஆதார், புகைப்படம், இதுவரையுள்ள அறிக்கைகள் போதும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அட்டை வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். சலுகைகளில் பெரும்பாலானவை 40-லிருந்துதான். சிறு பிள்ளைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். காலாவதித் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அறிவுத்திறன் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்றால் தமிழக அரசின் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023-ல் அது 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் அதில் ஒரு வரம்புக்குள் வரும். வருமான வரியில் பழைய முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு 80 டி.டி. பிரிவில் 75,000 ரூபாய் கழிவு, தீவிரக் குறைபாடு என்றால் 1,25,000. கல்யாணத்துக்கு அஞ்சி இதையெல்லாம் விடும் உறவினர்கள் யாரும் தெரபி கட்டணத்தில் பங்கு போடுவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

எட்டு மாத இரட்டைக் குழந்தைகள், 30 வாரத்தில் பிறந்தவர்கள். பக்கத்து வீட்டு எட்டு மாதக் குழந்தை உட்காருகிறது, எங்கள் இருவரும் இல்லை.
– வாசகி, சிதம்பரம்

40-லிருந்து 30-ஐக் கழித்தால் 10 வாரம், அதாவது இரண்டரை மாதம். அதை எட்டிலிருந்து கழித்தால் ஐந்தரை மாதம். அந்த வயதுக் குழந்தை தானாக உட்கார வேண்டியதில்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தக் கணக்கை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிதான். தலை இன்னும் நிற்கவில்லை, உடல் கட்டைபோல விறைக்கிறது, ஒரு கையை மட்டும் மூடியே வைத்திருக்கிறது என்றால் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான விழித்திரைப் பரிசோதனையும் பெராவும் முடிந்துவிட்டனவா என்று டிஸ்சார்ஜ் அட்டையில் பாருங்கள், இருவருக்கும் தனித்தனியாக.